செவ்வாய்க்காரர்கள் எந்த ஊரில் இறங்கினார்கள்? ‘தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கதை. 1897இல் பத்திரிகைத் தொடராக வந்து அடுத்த ஆண்டு புத்தகமானது. 1938இல் வானொலியில் ஒலித்தது. 1953இலும் 2005இலும் ஹாலிவுட் படமானது. நடுவில் 1978இல் இரட்டை இசைத்தட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. எச். ஜி. வெல்ஸ் எழுதிய இந்தக் கதையைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசுவதால், திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன்.

கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

செவ்வாய்க் கிரகத்திலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரி பத்து உருளைகள் பூமியை நோக்கி ஏவப்படுகின்றன. முதல் உருளை லண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் ஊரை ஒட்டிய ஹார்செல் காமன் என்ற பொதுநிலத்தின் மணற்குழியில் வந்து விழுகிறது. ஊரே வேடிக்கை பார்க்கத் திரள்கிறது. இங்கே வெல்ஸ் வைத்திருக்கும் ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தன் மகனிடம் தள்ளுவண்டி நிறையப் பச்சை ஆப்பிளும் ஜிஞ்சர் பீரும் கொடுத்து விற்க அனுப்பிவிடுகிறார். உலகம் அழியப் போகிற இடத்தில் முதலில் முளைப்பது தள்ளுவண்டிக் கடை.

உருளையின் மூடி உள்ளிருந்து மெல்லத் திருகித் திறக்கிறது. வெள்ளைக்கொடி பிடித்துப் பேசப் போனவர்களை வெப்பக்கதிர் சாம்பலாக்குகிறது. பிறகு மூன்று கால் எந்திரங்கள், விஷக் கரும்புகை, ஆற்றோரமெல்லாம் படரும் செங்களை என்று ஒவ்வொன்றாக வருகின்றன. லண்டன் காலியாகிறது. பீரங்கிகளும் ‘தண்டர் சைல்ட்’ என்ற போர்க்கப்பலும் சில எந்திரங்களைச் சாய்க்கின்றன, அவ்வளவுதான். கடைசியில் செவ்வாய்க்காரர்களைக் கொல்வது நம் ஊர் பாக்டீரியா.

கதை சொல்பவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் அவர் கடக்கும் தெருக்கள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

‘மூன்று கால் எந்திரம்’ என்கிறீர்கள். முக்காலி என்று சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். நமக்கு உட்காரும் முக்காலி நினைவுக்கு வந்து சிரிப்பு வரும், அதனால்தான் தயங்கினேன். ஆனால் வெல்ஸே அப்படித்தான் எழுதியிருக்கிறார். இடிமழையில் மின்னல் வெட்டும்போது முதல் எந்திரத்தைப் பார்க்கும் கதைசொல்லி, பால் கறக்க உட்காரும் முக்காலியைச் சாய்த்துத் தரையில் வேகமாக உருட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்கிறார். உடனே, முக்காலி இல்லை, மூன்று கால் மேல் நிற்கும் பெரிய எந்திரம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மாட்டுத்தொழுவப் பொருளிலிருந்து இவ்வளவு பயத்தை வேறு யாரும் கறந்ததாகத் தெரியவில்லை.

ஏன் வோக்கிங்? பெயரே கேள்விப்படாத ஊராக இருக்கிறதே?

அவர் அப்போது அங்கே குடியிருந்தார், அதுதான் காரணம். 1895இல் குடிபோன வெல்ஸ், அங்கேதான் சைக்கிள் பழகினார். பிறகு அதே சைக்கிளில் சுற்றுவட்டாரமெல்லாம் போய், செவ்வாய்க்காரர்கள் அழிக்கத் தோதான இடங்களையும் ஆட்களையும் குறித்துக்கொண்டதாகப் பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரரை மனதுக்குள் சாம்பலாக்கிவிட்டு, மறுநாள் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லியிருப்பார் போல.

ரயில் நிலையம், பாலம், மதுக்கடை எல்லாம் நிஜம். லண்டன்காரருக்கு அந்த ரயிலின் நேரம்கூடத் தெரியும். தெரிந்த ரயில் நிலையம் ஒன்று எரியும்போதுதான் கதை சுடுகிறது.

ஏன் செவ்வாய்?

1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகள் தெரிவதாகச் சொல்லி அவற்றைத் தன் மொழியில் ‘கனாலி’ என்றார். வாய்க்கால் போன்ற பள்ளம் என்றும் அதற்குப் பொருள் உண்டு, வெட்டிய கால்வாய் என்றும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போனபோது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. வெட்டியிருந்தால் வெட்டியவர் இருக்க வேண்டுமே! அமெரிக்கர் பெர்சிவல் லோவல் அரிசோனாவில் தனி ஆய்வுக்கூடமே கட்டி, காய்ந்து சாகும் கிரகத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் நாகரிகம் ஒன்று இருப்பதாக 1895இல் புத்தகம் போட்டார். வெல்ஸ் எழுத உட்காரும்போது ஊரே அந்தப் பேச்சாக இருந்தது.

1965இல் மாரினர் 4 விண்கலம் அருகில் போய்ப் படம் பிடித்து அனுப்பியது. கால்வாய் எதுவும் இல்லை, பள்ளமும் மேடும்தான்.

இது காலனியாதிக்கத்துக்கு எதிரான நாவல் என்கிறார்களே, நாமாகப் படித்துக்கொள்வதா?

இல்லை, முதல் அத்தியாயத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் ஃபிராங்க்கோடு நடந்துகொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ஐரோப்பியர் பூர்வகுடிகளுக்குச் செய்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. வானத்திலிருந்து யாராவது இறங்கி வந்து நமக்கும் அதையே செய்தால்? அந்த யோசனை ஃபிராங்க்குடையது. புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார் வெல்ஸ். செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்லுமுன், நம் இனம் டாஸ்மேனியர்களுக்குச் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று வாசகரிடம் நேராகவே சொல்கிறார். ஒரு திருத்தம்: டாஸ்மேனியர் அடியோடு அழிந்தார்கள் என்று அவர் எழுதியது தவறு. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடக் கூர்மையாகப் படுவது கிருமி. வெள்ளையர் போன இடமெல்லாம் அம்மை கூடவே போய், அங்கிருந்தவர்களைக் கொன்றது. வெல்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். இங்கே படையெடுத்து வந்தவர்தான் சாகிறார். உயிரியலை டி. எச். ஹக்ஸ்லியிடம் நேரடியாகப் பயின்றவர் அவர். ஆகவே முடிவு குருட்டு அதிர்ஷ்டம் என்று குறைபட்டுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள். செவ்வாய்க்காரர்கள் நம்மைப் பார்ப்பது, ஒரு துளி நீரில் நெளியும் உயிர்களை மனிதன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது போல என்று அங்கேயே வருகிறது.

ஊரை மாற்றும் பழக்கம் வானொலியில்தான் தொடங்கியதா?

இல்லை, நாவல் வந்த சூட்டிலேயே தொடங்கிவிட்டது. நியூயார்க், பாஸ்டன் நாளிதழ்கள் தொடராகப் போட்டபோது, வெல்ஸைக் கேட்காமல் செவ்வாய்க்காரர்களைத் தங்கள் ஊரிலேயே இறக்கிக்கொண்டன. வெல்ஸ் கோபப்பட்டு எழுதினார். ஆனால் ‘பாஸ்டன் போஸ்ட்’ போட்ட அந்த உருமாறிய தொடரை பதின்ம வயதில் படித்துக் கிறுகிறுத்துப்போன பையன் ஒருவன் உண்டு. பெயர் ராபர்ட் கோடார்ட். 1926இல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவியவர் அவர்தான். செவ்வாய் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியதால்தான் மனதில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

சரி, அந்த 1938 ஒலிபரப்பு. உண்மையில் என்னதான் நடந்தது?

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி, நியூயார்க்கில் சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தின் ஸ்டுடியோ. ‘மெர்குரி தியேட்டர் ஆன் தி ஏர்’ என்ற வாராந்தர நாடக நிகழ்ச்சி. தலைவர் ஆர்சன் வெல்ஸ் (இவர் வேறு வெல்ஸ்), வயது 23. நாடகமாக்கியவர் ஹோவர்ட் கோச் (பின்னாளில் ‘காசாபிளாங்கா’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர்). விக்டோரியா காலத்து நாவலை அப்படியே நடித்தால் கொட்டாவிதான் வரும் என்று, செய்தி அறிவிப்பு வடிவத்துக்கு மாற்றினார்கள். இறங்கும் ஊருக்காக கோச் நியூ ஜெர்சி வரைபடத்தை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலைப் போட்டாராம். அது விழுந்த இடம் குரோவர்ஸ் மில்.

அந்த முதல் 40 நிமிடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் நாடகத்தின் பெயரைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். அடுத்து வானிலை அறிக்கை. அடுத்து, ஒரு ஹோட்டல் நடன அரங்கிலிருந்து வாத்தியக்குழு. அப்படி ஒரு ஹோட்டலும் இல்லை, ‘ரமோன் ராக்கெல்லோ’ என்ற அந்த இசைக்குழுத் தலைவரும் இல்லை. ஸ்டுடியோவில் இசை நடத்தியவர் பெர்னார்ட் ஹெர்மன், பின்னாளில் ‘சைக்கோ’வுக்கு இசையமைத்தவர். ‘லா கும்பர்சீட்டா’ ஓடுகிறது. செவ்வாயில் வாயு வெடிப்புகள் தெரிவதாக ஓர் அறிவிப்பு குறுக்கிடுகிறது. மறுபடி பாட்டு. மறுபடி குறுக்கீடு. சலிப்பூட்டும் அளவுக்குப் பாட்டை ஓட விட்டார் ஆர்சன் வெல்ஸ். நிஜ வானொலி சலிப்பாகத்தானே இருக்கும்!

நிருபர் கார்ல் ஃபிலிப்ஸ் குரோவர்ஸ் மில்லிலிருந்து பேசுகிறார். அதில் நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய ஆண்டு இதே நியூ ஜெர்சியில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததைப் பார்த்துக் கதறிய செய்தியாளரின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி எடுத்தவர். நெருப்பு நெருங்குகிறது, என் வலப்பக்கம் இருபது கெஜத்தில் என்கிறார். அத்தோடு குரல் அறுந்துவிடுகிறது.

பிறகு மௌனம். சில நொடிகள்தான். வானொலிக்காரர்களுக்கு மௌனம் என்றால் வயிற்றைக் கலக்கும், ஆனால் ஆர்சன் வெல்ஸ் கையை உயர்த்தியபடி விடாமல் நீட்டினாராம். நான் முதல் முறை கேட்டபோது இயர்போன் பழுதாகிவிட்டதென்று செருகியைத் திருகிப் பார்த்தேன். இத்தனைக்கும் அது நாடகம் என்று தெரிந்தே கேட்டவன் நான்!

அதன் பிறகு அமைதியாக ஒரு பியானோ. ‘உள்துறை அமைச்சர்’ பேசுகிறார். நடிகர் கென்னி டெல்மார் அன்றைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் குரலிலேயே பேசித் தள்ளியிருக்கிறார். கட்டட உச்சியிலிருந்து நியூயார்க்கின் சாவை வர்ணிக்கும் அறிவிப்பாளர் இருமி விழுகிறார். கடைசியில் ஓர் அமெச்சூர் வானொலிக்காரரின் குரல் மட்டும், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டபடி. அப்போதுதான் நிலைய அறிவிப்பு வந்து, கேட்பது நாடகம் என்று நினைவூட்டுகிறது.

மீதி 20 நிமிடம் பேராசிரியர் பியர்சன் என்ற பாத்திரத்தின் தனிப்புலம்பல். சுமார்தான். தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம்.

லட்சக்கணக்கானோர் தெருவுக்கு ஓடினார்களாமே?

பயந்தவர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘நாடே பீதியில் ஓடியது’ என்பது கை கால் முளைத்த கதை.

அன்றிரவு தொலைபேசியில் சுமார் 5,000 வீடுகளைக் கேட்டு எடுத்த கணக்கில், இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2 சதவீதம். பெரும்பான்மைக் கூட்டம் போட்டி வானொலியான என்.பி.சி.யில் எட்கர் பெர்கனின் பேசும் பொம்மை நிகழ்ச்சியில் இருந்தது. (வானொலியில் பேசும் பொம்மையா என்று கேட்காதீர்கள். உதடு அசைவது தெரியாத இடத்தில் அவர் நாட்டிலேயே பெரிய நட்சத்திரம்.) அங்கே பாட்டு வந்ததும் நிலையம் மாற்றிப் பாதியில் வந்து மாட்டியவர்கள் சிலர்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 60 லட்சம் பேர் கேட்டதாகவும் அதில் 12 லட்சம் பேராவது கலங்கியதாகவும் சொல்கிறது. இன்றுவரை எல்லோரும் எடுத்துப்போடுவது இந்த எண்ணிக்கையைத்தான். ஆனால் அவர் விரிவாகப் பேட்டி கண்டது 135 பேரை. அவர்களில் பெரும்பாலோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அதுவும் நியூ ஜெர்சிக்காரர்கள். குரோவர்ஸ் மில்லுக்குப் பக்கத்திலேயே நின்று குரோவர்ஸ் மில்லைப் பற்றி விசாரித்தால் வேறு என்ன பதில் வரும்?

ஊதிப் பெருக்கியது நாளிதழ்கள். விளம்பர வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த வானொலியை ஒரு கை பார்க்க அவற்றுக்கு வாய்ப்புக் கிடைத்தது. மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்திலேயே பீதி என்று போட்டது.

பயந்தவர்களை முட்டாள் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த செப்டம்பரில்தான் ஐரோப்பாவில் ஹிட்லர் கிளப்பிய மியூனிக் நெருக்கடி. போர் வருமா வராதா என்று வாரக்கணக்கில் நிஜமாகவே நிகழ்ச்சிகளை வெட்டி வெட்டிச் செய்தி சொன்ன வானொலி அது. கான்ட்ரிலிடம் பேசியவர்களில் சிலர், வந்தது ஜெர்மானியர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

கான்ட்ரிலின் புத்தகத்தில் ஒரு கடிதம் உண்டு. ஒருவர் சேமிப்பிலிருந்து 3.25 டாலர் எடுத்து டிக்கெட் வாங்கி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். 60 மைல் போன பிறகுதான் நாடகம் என்று தெரிந்தது. ஷூ வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசு போயிற்று, தயவுசெய்து கறுப்பு ஷூ ஒரு ஜோடி, 9பி அளவு, அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த இரவைப் பற்றிய தலைப்புச் செய்திகள் அத்தனையையும்விட இந்த 9பியை நான் நம்புகிறேன்.

யாராவது இறந்தார்களா?

அமெரிக்காவில் இல்லை. ஈக்வடாரில் இறந்தார்கள். 1949 பிப்ரவரி 12, ரேடியோ கீட்டோ இதே உத்தியை ஸ்பானிய மொழியில் செய்தது. பாட்டின் நடுவே அறிவிப்பு, தலைநகரின் ஓரத்தில் உள்ள கோட்டோகோயாவோ பகுதியில் எதிரி இறங்கிவிட்டான் என்று. மக்கள் வீதிக்கு வந்தார்கள். நாடகம் என்று தெரிந்ததும் பயம் ஆத்திரமாக மாறியது. வானொலி நிலையம் இருந்த ‘எல் கோமெர்சியோ’ நாளிதழ்க் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். காவல் படைகளோ ‘எதிரி’யைத் தேடிக் கோட்டோகோயாவோவுக்குப் போயிருந்தன. குறைந்தது ஆறு பேர் செத்தார்கள். 1938ஐச் சிரித்தபடி சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு வெல்ஸும் உறவினரா?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிற கொடுமை நமக்கு. ஆங்கிலத்தில் ஆர்சனின் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். 1940 அக்டோபரில் இருவரும் டெக்சாஸில் சான் அன்டோனியோ வானொலி நிலையமொன்றில் சந்தித்துப் பேசினார்கள். அந்த அதிகப்படி எழுத்தை இவர் சீக்கிரம் விட்டுவிடுவார் என நம்புகிறேன் என்று பெரியவர் கிண்டல் செய்தார். 1938இல் தன் கதையை மாற்றிவிட்டதாக அவர் முகம் சுளித்தது நிஜம். இரண்டு ஆண்டில் சமாதானமாகிவிட்டார். அதோடு, அமெரிக்காவில் அப்படி ஒரு பீதி நிஜமாகவே வந்ததா, இல்லை உங்கள் ஹாலோவீன் விளையாட்டா என்றும் கேட்டார். ஆராய்ச்சியாளர்கள் மெனக்கெட்டுச் சொன்னதை அவர் அப்போதே கேட்டுவிட்டார்.

இரண்டு படங்களில் எதைப் பார்க்கலாம்?

2005 ஸ்பீல்பெர்க் படத்தின் முதல் ஒரு மணி நேரம். நாயகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், ஊர் மறுபடியும் நியூ ஜெர்சி. தெருவைப் பிளந்துகொண்டு முக்காலி எழும் காட்சியும், ஆட்கள் பொடியாகிப்போன தூசு தன் மேல் படிந்திருப்பதை டாம் குரூஸ் கண்ணாடியில் பார்க்கும் காட்சியும் 2001 செப்டம்பரைப் பார்த்த ஊரின் படம் என்று சொல்லாமல் சொல்லும். பிற்பாதியில் பிடி தளர்கிறது.

1953 படத்தில் தயாரிப்பாளர் ஜார்ஜ் பால் கதையைக் கலிபோர்னியாவுக்கு மாற்றினார். எந்திரங்களின் கால்களை எடுத்துவிட்டு, திருக்கை மீன் வடிவத்தில் மிதக்க விட்டார், கம்பிகளில்தான். நன்றாகக் கவனித்தால் கம்பி தெரியும். வெப்பக்கதிரின் ஒலி எலெக்ட்ரிக் கிதார்களைத் தலைகீழாக ஓட்டிப் பிடித்தது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. தேவாலயத்தில் முடிகிறது. நாவலில் பாதிரியாரைக் கோழையாகக் காட்டிய வெல்ஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இசைத்தட்டு எப்படி வந்தது? இது எப்படிப் பாட்டாகும்?

விளம்பர இசை செய்துகொண்டிருந்த ஜெஃப் வேய்ன் 1978 ஜூனில் வெளியிட்ட இரட்டைத் தட்டு. வெளியிட்டது சி.பி.எஸ். ரெகார்ட்ஸ். ஆமாம், 40 ஆண்டு முன்பு பீதி கிளப்பிய அதே குழுமத்தின் கம்பெனி. கதை சொல்லும் குரல் ரிச்சர்ட் பர்ட்டன். அவர் வாயைத் திறந்ததும் பின்னால் இடியாய் இறங்கும் வயலின்களைக் கேட்டுவிட்டு, இது எப்படிப் பாட்டாகும் என்று மறுபடி கேளுங்கள்.

ஜஸ்டின் ஹேவர்ட் பாடிய ‘ஃபாரெவர் ஆட்டம்’ பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. காதலியைத் தேடி லண்டனுக்குப் போய், அவள் இல்லாமல் தவிப்பவனின் பாட்டு. அதன் மெட்டு முதலில் லெகோ பொம்மை விளம்பரத்துக்கு வேய்ன் போட்டது! விளம்பர மெட்டைச் சோகமாக்குவது நம் சினிமாக்காரர்களுக்கும் புதிதல்ல, ஆனால் இவ்வளவு பொருந்திப்போனது அபூர்வம்.

செவ்வாய்க்காரர்களின் ‘உல்லா’ என்ற ஓலத்தை நாவலில் வெல்ஸ் எழுத்தில்தான் வைத்தார். எண்பது ஆண்டு கழித்து அதற்கு ஒலி கிடைத்தது. கிதார் ஒலியைக் குழாய் வழியே வாய்க்குள் செலுத்தி, வாயால் வடிவம் கொடுக்கும் டாக்பாக்ஸ் கருவியில் ஜோ பார்ட்ரிட்ஜ் செய்தது. எந்திரமும் தொண்டையும் பாதிப் பாதி. இரவில் தனியாகக் கேட்க வேண்டாம் என்பதுதான் இதற்கு நான் தரும் உயர்ந்த பாராட்டு.

எல்லோரும் கதையைத் தங்கள் ஊருக்குத் தூக்கிப்போனார்கள். அமெரிக்காவில் பிறந்த வேய்ன் மட்டும் வோக்கிங்கிலேயே, விக்டோரியா காலத்திலேயே விட்டுவைத்தார். தட்டு வந்த காலத்தைச் சிந்தசைசரும் டிஸ்கோ தாளமும் காட்டிக்கொடுத்தன. படங்கள் தவிர்த்த ‘தண்டர் சைல்ட்’ கப்பல் இதில் ஒரு முழுப்பாட்டாக இருக்கிறது. அட்டைப்படத்திலும் அதுதான்.

எந்த வரிசையில் தொடங்க?

விளக்கை அணைத்துவிட்டு 1938 ஒலிபரப்பின் முதல் 40 நிமிடம். பிறகு நாவல், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிறகு இசைத்தட்டு. படங்கள் எப்போது வேண்டுமானாலும். பிரிட்டனில் நாவலின் பதிப்புரிமை 2016 முடிவோடு காலாவதியாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நேரில் பார்க்க ஏதாவது உண்டா?

குரோவர்ஸ் மில்லில், ஒலிபரப்பின் 50ஆம் ஆண்டையொட்டிப் பூங்காவில் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். இறங்காத ஒன்று இறங்கிய இடத்துக்கு நினைவுச்சின்னம்.

வோக்கிங் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் அரை மணி. ஊர் நடுவில் மைக்கேல் கான்ட்ரன் வடித்த ஏழு மீட்டர் உயர உலோக முக்காலி 1998இலிருந்து நிற்கிறது. அண்ணாந்து படம் எடுத்துவிட்டுக் கீழேயும் பாருங்கள், தரைக் கற்களில் பாக்டீரியாவின் உருவங்கள் இருக்கும். ஹார்செல் மணற்குழிக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். மழை பெய்திருந்தால் ரப்பர் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.